செல்லின் உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

பாடப்புத்தகப் படத்தில் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம், கோல்கை உறுப்பு எல்லாம் ஒரே செல்லுக்குள் ஆளுக்கொரு நிறத்தில் உட்கார்ந்திருக்கும். அதே காட்சியை எதிர்பார்த்து நுண்ணோக்கியில் குனிபவருக்குக் கிடைப்பது வெளிறிய சில கோடுகள்தான். கருவியில் குறையில்லை. உயிருள்ள செல்லின் பெரும்பகுதி நீர், நிறம் கிடையாது, ஒளி தடையில்லாமல் ஊடுருவிப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதற்கான வழி பெரும்பாலும் அந்த உறுப்பு செய்யும் வேலையிலேயே கிடைக்கும். சவ்வு எதை உள்ளே விடாதோ அதை வைத்துச் சவ்வையும், செல்லுக்குள் சாறு நிறைந்த பையான வாக்குவோல் எதைச் சேர்த்து வைக்குமோ அதை வைத்து வாக்குவோலையும் பார்க்கலாம்.

தேவையானவை

10 மடங்கு கண்ணருகு லென்ஸும், 4, 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ்களும் உள்ள சாதாரணக் கூட்டு நுண்ணோக்கி போதும். மொத்த உருப்பெருக்கம் 40, 100, 400 மடங்கு. 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் இந்த வேலை எதற்கும் வேண்டாம். ஸ்லைடு, 0.17 மி.மீ. தடிமனுள்ள கவர் ஸ்லிப், கூர்முனை இடுக்கி, புதிய பிளேடு, ஊசி, டிராப்பர், வடிதாள் இருக்கட்டும். 40 மடங்கு லென்ஸ் அந்தத் தடிமனுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. இரண்டு கவர் ஸ்லிப் ஒட்டிக்கொண்டு வந்தாலும், அடியில் நீர் அதிகமாகத் தேங்கினாலும் என்ன திருகியும் காட்சி தெளியாது.

கரைசல்கள்:

- அயோடின்: 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் சிறிதளவு நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைப் போட்டுக் கலக்கி, பிறகு நீர் சேர்த்து 300 மி.லி. ஆக்கவும். வரிசை மாறக் கூடாது. வெறும் நீரில் அயோடின் ஏறக்குறைய கரையவே கரையாது. பழுப்பு நிறப் புட்டியில் வைக்கவும்.
- மெத்திலீன் நீலம்: 100 மி.லி. நீரில் 0.1 கிராம்.
- நியூட்ரல் ரெட்: 100 மி.லி. நீரில் 10 மி.கி.
- உப்புக் கரைசல்: 5 சதவீதம் ஒன்று, 0.9 சதவீதம் ஒன்று.

உரி எடுத்தலும் ஸ்லைடு போடுதலும்

பாதிப் பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. வெங்காயத்தை நான்காக வெட்டி, வெளியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது சதைப்பற்றான இதழைப் பிரித்தெடுங்கள். அதன் குழிந்த உட்பக்கத்தில் பிளேடால் 5 மி.மீ. சதுரமாகக் கட்டம் கீறி, ஒரு மூலையை இடுக்கியால் பிடித்து இழுத்தால் கண்ணாடித்தாள் போன்ற உரி சுலபமாக வரும். அது ஒரே ஒரு செல் தடிமன். இழுக்கும்போது சதை சேர்ந்து வந்து உரி வெண்மையாகத் தெரிந்தால் அதை எறிந்துவிட்டு வேறொன்று எடுப்பதே நல்லது.

எடுத்த உரியை உடனே நீர்த்துளியில் போட வேண்டும். காற்றில் சில நொடி கிடந்தாலே சுருளும், செல்கள் வாடும். சதையிலிருந்து பிரிந்து வந்த பக்கம் கரைசலைத் தொடும்படி வையுங்கள். மறுபக்கத்தில் கியூட்டிகிள் என்ற மெழுகுப்படலம் இருப்பதால் அதன் வழியே சாயம் மெதுவாகத்தான் இறங்கும். மடிப்பு விழுந்தால் ஊசியால் நீவி விடலாம். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் துளியின் ஓரத்தில் ஊன்றி, 45 பாகை சாய்வில் பிடித்து, ஊசியைத் தாங்கலாகக் கொடுத்து மெல்ல இறக்குங்கள். மேலிருந்து பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே ஒன்றுமில்லாத வெளிச்சம்: இவை மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அது குமிழி. இதைச் செல் என்று வரைந்த செய்முறை ஏடுகளுக்குக் கணக்கே இல்லை.

பார்வையை எப்போதும் 4 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். 40 மடங்கு லென்ஸுக்கு வந்தபின் நுண் திருகை மட்டுமே தொட வேண்டும். பெருந்திருகைத் திருப்பினால் கவர் ஸ்லிப் நொறுங்கும், லென்ஸும் கீறும். அதைவிட அதிகம் பேர் கவனிக்காதது, மேடைக்குக் கீழே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஒளித்திரை. முழுக்கத் திறந்துவிட்டால் காட்சி வெளிச்சமாக இருக்கும், ஆனால் நிறமற்ற விளிம்புகள் ஒளியில் கரைந்துவிடும். சாயமில்லாத செல்லைப் பார்க்கும்போது திரையைப் பாதிக்குமேல் மூடுங்கள்; சட்டென்று கோடுகள் எழுந்து வரும். ஒரேயடியாக மூடினால் எல்லா விளிம்பிலும் இரட்டைக் கோடு தோன்றும். அதுவும் பொய்க்காட்சிதான்.

அளவு காண, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை 4 மடங்கு லென்ஸின் கீழ் வைத்துப் பார்வை வட்டத்தின் விட்டத்தைப் படியுங்கள். 4.5 மி.மீ. என்று வந்தால், 10 மடங்கு லென்ஸில் அது 1.8 மி.மீ., 40 மடங்கில் 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரோமீட்டர். வட்டத்தின் குறுக்கே எத்தனை செல்கள் அடங்குகின்றன என்று எண்ணி வகுத்தால் ஒரு செல்லின் அளவு கிடைக்கும்.

செல் சுவரும் உட்கருவும்

உரியின் மீது ஒரு துளி அயோடின் விட்டு 2 அல்லது 3 நிமிடம் பொறுங்கள். செங்கல் அடுக்கியதுபோல நீண்ட செல்கள் தெரியும். அவற்றின் எல்லையாகத் தெரியும் கோடு செல் சுவர், சவ்வு அல்ல. செல்லுக்கு ஒன்றாக, மஞ்சள் பழுப்பு நிறத்தில் இருப்பது உட்கரு. 400 மடங்கில் அதற்குள் ஒன்றிரண்டு புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தால் அவை நியூக்ளியோலஸ். 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செல்களில் உட்கருவைக் கண்டு அதற்குப் பெயர் வைத்தபோது அவரிடம் இருந்ததும் ஒளி நுண்ணோக்கிதான். இந்த உறுப்பு அவ்வளவு பெரியது.

உட்கரு சுவரோரமாக ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். நடுவிலுள்ள பெரிய வாக்குவோல் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. சில செல்களில் நடுவில் மிதப்பதுபோலத் தோன்றும். நுண் திருகை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால், அது மேல்சுவரையோ கீழ்ச்சுவரையோ ஒட்டிக் கிடப்பது தெரியவரும். உட்கரு இல்லாத செல் என்று எழுதும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பெரும்பாலும் அது வேறு மட்டத்தில் ஒளிந்திருக்கும்.

வெங்காயம் உணவை ஸ்டார்ச்சாகச் சேமிப்பதில்லை. ஸ்லைடில் அயோடின் பட்டுக் கருநீலமான ஸ்டார்ச் மணிகள் தெரிந்தால் பிளேடில் உருளைக்கிழங்கு ஒட்டியிருந்தது என்று பொருள். ஸ்டார்ச் சேமிக்கும் கணிகங்களைப் பார்க்க விரும்பினால், உருளைக்கிழங்கின் வெட்டுமுகத்தை லேசாகச் சுரண்டி எடுத்து, அயோடினைப் பத்து மடங்கு நீர்த்து விடுங்கள். அடர்த்தியாக விட்டால் மணி முழுதும் கறுத்து, உள்ளிருக்கும் வளையங்கள் மறைந்துவிடும்.

செல் சவ்வு: உப்பு காட்டிக்கொடுக்கும்

செல் சவ்வின் தடிமன் 7 முதல் 10 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி சுமார் 200 நானோமீட்டர். ஆகவே எந்தச் சாயம் போட்டாலும் சவ்வைச் சவ்வாகப் பார்க்க முடியாது. சுவரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தால் அதன் இருப்பிடம் தெரியும். நிறமற்ற உரி இதற்கு உதவாது. சிவப்பு வெங்காய இதழின் புடைத்த வெளிப்பக்கத்து உரியோ, ரியோ என்ற அலங்காரச் செடி இலையின் ஊதா நிறக் கீழ்ப்பக்கத்து உரியோ வேண்டும். இவற்றில் ஆந்தோசயனின் என்ற நிறமி வாக்குவோலுக்குள் கரைந்திருக்கிறது.

உரியை வெறும் நீரில் வைத்து, நிறம் செல் முழுதும் பரவியிருப்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் 5 சதவீத உப்புக் கரைசலை ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால்தான் உள்ளிருக்கும் நீர் முழுதும் மாறும். சில நிமிடங்களில் செல்லின் மூலைகளில் நிறம் சுவரை விட்டு விலகும். பிறகு பக்கங்கள் உட்குழியும். கடைசியில் உள்ளடக்கம் உருண்டு திரண்டு நடுவில் நிற்கும். இதுதான் பிளாஸ்மா சிதைவு. திரண்ட உருண்டையின் விளிம்பில் இருக்கிறது செல் சவ்வு.

சுருங்கிய உருண்டைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடத்தில் என்ன இருக்கிறது? வெற்றிடம், காற்று, நீர் என்றெல்லாம் விடை வரும். இருப்பது உப்புக் கரைசல். சுவர் உப்பைத் தடுக்காது. சவ்வு எளிதில் விடாது. வெளியே செறிவு கூடியதால் நீர் மட்டும் செல்லை விட்டு வெளியேறியது. நிறமியோ உள்ளேயே தங்கிவிட்டதால் உருண்டையின் நிறம் முன்னைவிட அடர்ந்திருக்கும். வாக்குவோலைச் சுற்றியுள்ள டோனோபிளாஸ்ட் என்ற சவ்வும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அந்த அடர்நிறமே சாட்சி.

மீட்சியைப் பார்க்க, அதே முறையில் நீரை உள்ளே இழுங்கள். ஒரேயடியாக வெறும் நீர் விட்டால் சில செல்கள் வெடித்து நிறம் சிந்திவிடும். இடையில் 2 சதவீத உப்புக் கரைசலை ஒருமுறை செலுத்துவது பாதுகாப்பு. 10 நிமிடத்துக்கு மேல் உப்பிலேயே விட்டுவைத்தாலும் மீளாத செல்கள் கூடும். எதுவுமே சுருங்கவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று: கரைசல் உள்ளே போகவில்லை, அல்லது செல்கள் ஏற்கெனவே இறந்துவிட்டன. கொதிநீரில் அரை நிமிடம் முக்கிய உரியை ஒப்பீட்டுக்கு வைத்துப் பாருங்கள். அதில் நிறம் வெளியே கசியும். பிளாஸ்மா சிதைவு நடக்காது.

வாக்குவோல்

நிறமற்ற உட்பக்க உரியை நியூட்ரல் ரெட் கரைசலில் 10 முதல் 15 நிமிடம் மிதக்கவிட்டு, நீரில் அலசிப் பாருங்கள். சற்றே காரமான கரைசலில் இந்தச் சாயம் மின்சுமையின்றி இருப்பதால் சவ்வுகளைக் கடந்து செல்லும். வாக்குவோலின் உட்பகுதி அமிலத்தன்மை உடையது. அங்கே போனதும் சாயம் மின்சுமை பெற்று, திரும்பி வர வழியில்லாமல் சிக்கி, செக்கச்செவேலென்று சேரும். செல்லின் பெரும்பகுதியை வாக்குவோல்தான் அடைத்திருக்கிறது என்பது இப்போது கண்ணுக்குத் தெரியும்; உறுப்புகள் மிதக்கும் கூழான சைட்டோபிளாசம் சுவரோரம் ஒரு மெல்லிய பூச்சுதான்.

உள்ளே நிறம் ஏறாமல் சுவர் மட்டும் சிவந்தால் கரைசல் அமிலமாக இருக்கிறது. சோடியம் பைகார்பனேட்டை மிகச் சிறிதளவு சேர்த்து, செம்மஞ்சள் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். முழு மஞ்சளாகிக் கலங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. வாக்குவோல் வெளிறி, உட்கரு மட்டும் சிவந்திருந்தால் அந்தச் செல் இறந்தது.

பசுங்கணிகமும் சைட்டோபிளாச ஓட்டமும்

இதற்குச் சாயமே வேண்டாம். ஹைட்ரில்லா அல்லது எலோடியா என்ற நீர்த்தாவரத்தின் இளம் இலை ஒன்றை முழுதாக நீரில் வைத்தால் போதும். இலை பெரும்பாலும் இரண்டு செல் அடுக்குதான் என்பதால் ஒளி நன்றாக ஊடுருவும். ஒரு நேரத்தில் ஓர் அடுக்கில் மட்டும் குவியம் வையுங்கள். பசுங்கணிகங்கள் சுமார் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள பச்சைத் தட்டுகளாகத் தெரியும். ஸ்லைடை 10, 15 நிமிடம் வெளிச்சத்தில் வெதுவெதுப்பாக வைத்திருந்து பார்த்தால், நடு நரம்பை ஒட்டிய செல்களில் அவை சுவரோரமாக வரிசையாக நகரும். தாமாக நீந்துவதில்லை, ஆக்டின் இழைகள் மேல் மயோசின் புரதம் உண்டாக்கும் சைட்டோபிளாச ஓட்டம் அவற்றை அடித்துச் செல்கிறது. நின்ற இடத்திலேயே துடித்தால் அது பிரௌனியன் இயக்கம், அதாவது சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் நடுக்கம். ஒரே திசையில் போனால்தான் ஓட்டம்.

நிலத் தாவர இலைகளின் மேல்தோலை உரித்துப் பசுங்கணிகம் தேட வேண்டாம். பெரும்பாலானவற்றில் இலைத்துளையின் காப்புச் செல்களில் மட்டுமே அது தெளிவாகத் தென்படும்.

மைட்டோகாண்ட்ரியா

கடினமானது, பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். புதிய வெங்காய உரியை ஜேனஸ் கிரீன் பி என்ற சாயத்தின் 0.01 சதவீதக் கரைசலில் சுமார் 10 நிமிடம் வைத்து, 400 மடங்கில், சுவரோரச் சைட்டோபிளாசத்திலும் வாக்குவோலைக் குறுக்கிடும் மெல்லிய இழைகளிலும் தேடுங்கள். நீலப்பச்சைப் புள்ளிகளாகவும் குச்சிகளாகவும், அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தில் இருக்கும். செல்லின் மற்ற இடங்களில் சாயம் ஒடுக்கமடைந்து நிறம் இழக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஆக்சிஜனைக் கொண்டு அதை நிறத்தோடு வைத்திருக்கும். கவர் ஸ்லிப்பின் கீழ் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் அங்கும் நிறம் மங்கிவிடும். ஆகவே சாயம் ஏறியதும் தாமதிக்காமல் பாருங்கள்.

கன்னத்தின் உட்புறச் செல்கள்

விலங்கு செல்லுக்கு எளிய மாதிரி. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தேய்த்து, ஸ்லைடில் உள்ள 0.9 சதவீத உப்புத் துளியில் கலந்து, மெத்திலீன் நீலம் ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து மூடுங்கள். சுவர் இல்லாததால் ஒழுங்கற்ற, ஓரம் மடங்கிய தட்டையான செல்கள் தெரியும். அகலம் 50 முதல் 80 மைக்ரோமீட்டர். காரச் சாயமான மெத்திலீன் நீலம் டி.என்.ஏ.வில் ஒட்டுவதால் உட்கரு கருநீலமாக நிற்கும். செல்லின் மேல் சிதறிய நுண்ணிய நீலப் புள்ளிகள் மைட்டோகாண்ட்ரியா அல்ல, வாயில் வாழும் பாக்டீரியா. எல்லாமே நீலமாக இருந்தால் சாயம் கூடிவிட்டது. வடிதாள் முறையில் உப்பு நீரை இழுத்துக் கழுவலாம்.

சில உறுப்புகள் இந்த நுண்ணோக்கியில் தெரியாது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர்தான். எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வுகளும் ஒளி நுண்ணோக்கியின் எல்லைக்குக் கீழே. கோல்கை உறுப்பை 1898இல் கமிலோ கோல்கை நரம்புச் செல்களில் வெள்ளி உப்பு ஏற்றிக் கண்டார். மேற்கண்ட சாயங்களில் அது தெரியாது. இவற்றுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். பார்க்காத உறுப்பைச் செய்முறை ஏட்டில் வரைய வேண்டாம். படத்தின் அருகே மாதிரியின் பெயர், சாயம், உருப்பெருக்கம், அளவுக்கோடு நான்கையும் குறியுங்கள்.

வேலை முடிந்ததும் உப்புக் கரைசல் பட்ட மேடையையும் லென்ஸ் விளிம்பையும் காய்ச்சி வடித்த நீர் தொட்ட லென்ஸ் தாளால் துடையுங்கள். காய்ந்த உப்பு உலோகத்தை அரிக்கும். கன்னச் செல் ஸ்லைடையும் பஞ்சுக்குச்சியையும் கிருமிநாசினியில் ஊறவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.