ஆள் எடுக்கும்போது மனச்சாய்வு: எங்கே தவறுகிறோம்?

"நாங்க சாதி, மதம் எல்லாம் பார்க்கிறதே இல்லை." ஆள் எடுப்பவர்கள் பலர் இதை மனதாரச் சொல்கிறார்கள். முதல் தவறே இதுதான். உள்மனச் சாய்வு நமக்கே தெரியாமல் முடிவுக்குள் நுழைவது. நல்ல எண்ணம் அதைத் தடுக்காது.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோரின் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி சமமாகவும் பெயர் மட்டும் வேறாகவும் இருந்த விண்ணப்பங்களை ஒப்பிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

இதைப் படித்துவிட்டு விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மறைப்பது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் குறைவு. இங்கே முகவரியில் உள்ள 'காலனி', அப்பாவின் தொழில், படித்த பள்ளி ஆகியவையே காட்டிக்கொடுத்துவிடும். முதல் சுற்றில் இவற்றையும் போட்டோவையும் மறையுங்கள். "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" என்று பேச்சுவாக்கில் கேட்பதையும் விட்டுவிடுங்கள். வந்தவருக்கு அது வெறும் நலம் விசாரிப்பாகப் படாது. பெண்களிடம் மட்டும் "கல்யாணம் எப்போ?" என்று கேட்பதும் இதே ரகம்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பது. பிடித்தவரிடம் எளிதாகவும் பிடிக்காதவரிடம் குடைந்தும் கேட்டுவிட்டு, இருவரையும் ஒப்பிட முடியாது. கணக்கர் வேலை என்றால் எல்லாருக்கும் ஒரே வங்கி ஸ்டேட்மென்ட், ஒரே பேரேடு, 20 நிமிடம் கொடுங்கள். பொருந்தாத பதிவுகள் மூன்றை முன்பே அதில் வைத்துவிடுங்கள். மூன்றையும் பிடித்தால் 5 மதிப்பெண், இரண்டு என்றால் 3, ஒன்று என்றால் 1. இந்த அளவுகோலை முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால், மனதுக்குப் பிடித்தவருக்கு ஏற்ப அளவுகோல் வளையும். சரளமான ஆங்கிலத்தைத் திறமை என்று எடுத்துக்கொள்வதும் இங்கேதான் நடக்கிறது. வேலைக்கு ஆங்கிலப் பேச்சு தேவையில்லை என்றால் அதற்கு மதிப்பெண்ணே வேண்டாம்.

மேனேஜர் முதலில் வாய் திறந்து "எனக்கு ஓகே" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவரவர் மதிப்பெண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்த பிறகே பேச்சு தொடங்கட்டும். "நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டார்" என்று யாராவது சொன்னால், எந்த வேலையை அவரால் செய்ய முடியாது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது காரணமே இல்லை.

1998-இல் அறிமுகமான மறைமுகத் தொடர்புச் சோதனை என்று ஒன்று உண்டு. கணினியில் சொற்களையும் படங்களையும் எவ்வளவு வேகமாக இணைக்கிறோம் என்பதை வைத்து உள்மனச் சாய்வைக் கணிப்பது அது. அதை வைத்து ஒருவரைச் சாய்வுள்ளவர் என்று முத்திரை குத்தாதீர்கள். அதே ஆள் இன்னொரு நாள் செய்தால் மதிப்பெண் மாறலாம். சாய்வைப் பற்றிய ஒருநாள் பயிற்சி வகுப்போடு வேலை முடிந்ததாகவும் நினைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டைத் திறந்து, எந்தச் சுற்றில் யார் கழிக்கப்பட்டார்கள், என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். ஒரே சுற்றில் பெண்களோ தமிழ்வழியில் படித்தவர்களோ கூட்டமாகக் கழிக்கப்பட்டிருந்தால், அந்தச் சுற்றின் கேள்வித்தாளிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.