பிரேக்கர் விழுந்தால் முதலில் கேத்திலைப் பாருங்கள்

போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்து நின்றது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீடு அப்பா கட்டியது. குசினிக்கும் பக்கத்து அறைக்கும் ஒரே லைன். தேர் அன்று விடிய, இண்டக்சன் அடுப்பில் சாம்பார், கேத்திலில் தண்ணீர், குக்கரில் சோறு, அறைக்குள் தங்கச்சி பட்டுச்சேலைக்கு அயன் பிடிக்கிறாள். பத்து நிமிஷத்தில் கரண்ட் நின்றது. பிரேக்கரைத் தூக்கிவிட்டோம், மறுபடி விழுந்தது.

"பிரேக்கரைப் பெருசாப் போடுவம் பெரியம்மா" என்றான் தங்கச்சியின் மகன். நல்ல பிள்ளைதான், ஆனால் இந்த மாதிரி யோசனையால் வீடே எரியலாம்.

முதலில் எது விழுந்தது என்று பாருங்கள். நாங்கள் எல்லாவற்றையும் ட்ரிப் சுவிட்ச் என்போம். கரண்ட் பெட்டியில் 'T' என்று பட்டன் உள்ள பெரியதுதான் ட்ரிப் சுவிட்ச். அது விழுந்தால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது, பாரத்தால் (ஒரே லைனில் சாமான்கள் கூடியதால்) அல்ல. பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னவைதான் பிரேக்கர். அதிலொன்று தூக்கிய உடனேயே படக்கென்று விழுந்தால் ஷோர்ட்; திரும்பத் திரும்பத் தூக்காமல் கரண்ட் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு விழுந்தால், பெரும்பாலும் பாரம்.

பாரம் என்றால் அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் கழற்றுங்கள். பிளக் சுட்டால், பிளாஸ்டிக் மணத்தால், சொக்கற் ஓரம் பழுப்பேறியிருந்தால் அந்த இடத்தை இனிப் பாவிக்க வேண்டாம். இல்லையென்றால் ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, கை ஈரமில்லாமல், செருப்போடு நின்று பிரேக்கரைத் தூக்குங்கள்.

அப்புறம் கணக்கு. சாமானின் அடியிலோ பக்கத்திலோ வாற்ஸ் எழுதியிருக்கும். கூட்டி 230ஆல் (எங்கள் வீட்டுக் கரண்டின் வோல்ட்) பிரித்தால் அம்பியர். அன்று அடுப்பு 2000, கேத்தில் 2000, குக்கர் 700, அயன் 1000. மொத்தம் 5700, அதாவது 25 அம்பியருக்குக் கிட்ட. பிரேக்கரில் எழுதியிருந்தது 16. பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது.

எங்கள் பிளக் லைனில் ஓடுவது 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது. அதற்கு 32 அம்பியர் பிரேக்கர் போட்டால் பிரேக்கர் விழாது. சுவருக்குள் வயர் சூடேறும், யாருக்கும் தெரியாது. பழைய பியூஸ் கட்டையில் கம்பியை இரட்டையாக முறுக்குவதும், சதுரப் பிளக்கின் பியூசுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுவதும் இதே வேலைதான். மெயின் சுவிட்சை இறக்கினாலும் அதற்குள் வரும் வயரில் கரண்ட் இருக்கும், அதனால் பெட்டியின் மூடியை நீங்கள் கழற்றவே வேண்டாம்.

செய்யக்கூடியது, சூடேற்றும் சாமான்களைப் பிரித்து வைப்பது. ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி, எந்தப் பிளக் செத்துப்போகிறது என்று மேசை லைற்றைச் செருகிப் பார்த்து, பெட்டி மூடியில் பேனையால் எழுதினோம். விறாந்தைப் பிளக் வேறு லைன் என்று அன்றுதான் எனக்கே தெரியவந்தது. மல்டி பிளக்கில் போன் சார்ஜர், ரேடியோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேத்தில், அடுப்பு, அயன் நேரே சுவர் சொக்கற்றில்தான். (கனடாவிலிருந்து வந்த தலைமயிர் உலர்த்தியை எதிலும் செருக வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது.)

குசினிக்குத் தனி லைன் இழுக்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரை கேத்தில் விறாந்தையில்தான். தேத்தண்ணி கேட்டு வருகிறவர்கள் வாசலிலேயே ஊற்றிக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.