மலையில் டிராக்டர் திருடு போகாமல் காப்பதும், போனால் தேடிப் பிடிப்பதும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் டிராக்டரோ பவர் டில்லரோ வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமவெளிக்காரர்களுக்குச் சொல்கிற யோசனைகளில் பாதி நமக்குப் பொருந்தாது. அங்கே திருடன் வண்டியை ஸ்டார்ட் பண்ணியே ஆக வேண்டும், சத்தத்துக்கு நாயாவது குரைக்கும். இங்கே கியரை நியூட்ரலுக்குத் தள்ளி பிரேக்கை எடுத்துவிட்டால் போதும், இன்ஜின் உயிரே பெறாமல் வண்டி சரிவில் இறங்கி ரோட்டுக்கு வந்துவிடும். ஆனால் அதே மலைதான் திருடனுக்கும் கண்ணி. வெளியே போக சில ரோடுகள்தான் இருக்கின்றன, எதில் போனாலும் ஒரு செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். அதனால் ராத்திரி வண்டியை எப்படி நிறுத்துகிறோம், காணோம் என்று தெரிந்ததும் யாருக்கு முதலில் போன் போடுகிறோம் என்ற இரண்டு விஷயத்தையும் இப்போதே முடிவு செய்து வைத்துவிடுங்கள்.

நிறுத்துவதிலிருந்து ஆரம்பிக்கலாம். வண்டியின் மூக்கு மேட்டையோ தடுப்புச் சுவரையோ முட்டுகிற மாதிரி நிறுத்துங்கள், இறக்கத்தைப் பார்த்து நிறுத்தவே வேண்டாம். பேட்டரி வீக் என்பதால் காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்ண வசதியாக இறக்கத்தில் விடுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு. அந்த வசதி திருடனுக்கும் சேர்த்துத்தான், அதற்குப் பதில் ஒரு புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னால் மாட்டியிருக்கிற ரோட்டவேட்டரையோ (மண்ணைக் கிளறுகிற கருவி) கலப்பையையோ முழுக்கத் தரையில் இறக்கிவிட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். இன்ஜின் ஓடாமல் ஹைட்ராலிக் தூக்காது, அதனால் இறங்கிக் கிடக்கிற ரோட்டவேட்டரை இழுத்துக்கொண்டு வண்டியை உருட்டுவது லேசான காரியம் இல்லை. ஆனால் அதை வண்டியோடு இணைக்கிற லிங்க் பின்னைக் கழற்றி ரோட்டவேட்டரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை மட்டும் கொண்டுபோகலாம், அதற்கு பின்னில் மாட்டுகிற கிளிப்புக்குப் பதிலாக ஒரு நல்ல பூட்டைப் போட்டுவிடுங்கள். கனமான சங்கிலியைப் பின் சக்கர ரிம் ஓட்டை வழியாக விட்டு ஷெட்டின் இரும்புத் தூணோடு பூட்டினால் இன்னும் நல்லது. சங்கிலி போட்டிருப்பது தெரியாமல் காலையில் டிரைவர் வண்டியை எடுத்தால் தூணே பெயர்ந்து வரும், அதனால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைக்கிற வழக்கத்தையும் சேர்த்தே ஆரம்பியுங்கள்.

சாவியை நம்ப வேண்டாம். பல கம்பெனிகளில் ஒரே சாவி நிறைய வண்டிகளுக்குப் பொருந்தும். சந்தேகம் இருந்தால் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் அதே கம்பெனி வண்டியின் சாவியை வாங்கி உங்கள் வண்டியில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். சாவியே இல்லாமல் ஸ்டார்ட் பண்ணத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பேட்டரி வயரில் கரன்டைத் துண்டிக்கிற ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, அதில் கழற்றக்கூடிய திருகுக் குமிழை ராத்திரி கையோடு கொண்டுவந்துவிடுங்கள். செலவு குறைவு, பேட்டரியும் சும்மா இறங்காது. பவர் டில்லரில் கையால் சுற்றுகிற ஹேண்டில் என்றால் அதை வீட்டுக்கு எடுத்து வந்தாலே பாதிப் பாதுகாப்பு. ஆனால் டில்லரை மூன்று பேர் சேர்ந்து பலகை வைத்து பிக்கப்பில் ஏற்றிவிட முடியும், ஆகவே அதையும் சங்கிலியில் பூட்டத்தான் வேண்டும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வேலை இல்லாதபோது வண்டியைப் பள்ளத்துத் தோட்ட ஷெட்டில் விடாமல் ஊருக்குள், நாலு வீட்டு வாசல் தெரிகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வண்டி இருக்கிற இடத்தை போனுக்கு அனுப்புகிற ஜி.பி.எஸ். கருவி பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். வாங்கலாம், ஆனால் கடைக்காரர் சொல்கிற சிம்மை அப்படியே வாங்காதீர்கள். நம் பள்ளத்தாக்குகளில் ஒரு மடிப்பில் ஒரு கம்பெனி எடுக்கும், அடுத்த மடிப்பில் எடுக்காது. வண்டி நிற்கிற ஷெட்டிலும், அங்கிருந்து மெயின் ரோடு வரையிலும் எந்த நெட்வொர்க் கிடைக்கிறது என்று போனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கருவிக்கு உள்ளேயே சின்ன பேட்டரி இருக்க வேண்டும், இல்லையென்றால் வயரை வெட்டியதும் செத்துவிடும். சிக்னல் இல்லாதபோது போன பாதையைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்புகிற வகையாகப் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வண்டி அசைந்தாலே போன் அடிக்கிற மாதிரி செட் பண்ணிக்கொள்ளுங்கள். சிம் ரீசார்ஜ் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், பல பேருடைய கருவி வண்டியில் இருந்தும் உபயோகமில்லாமல் போவது இதனால்தான்.

இப்போது அடையாளம். திருடின வண்டிக்குப் பெயின்ட் மாறும், நம்பர் பிளேட் மாறும். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான் நிலைக்கும். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வண்டியிலேயே அந்த நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள், மாடலுக்கு மாடல் இடம் மாறும். சேறும் கிரீஸும் அப்பியிருக்கும். டீசல் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் ஒவ்வொரு எழுத்தும் அதன் கோணலோடு தாளில் ஏறும். போட்டோவை விட இது நல்ல சாட்சி, ஏனென்றால் பின்னால் யாராவது நம்பரை ராவித் திரும்பக் குத்தியிருந்தால் எழுத்தின் வடிவமும் இடைவெளியும் ஒத்துவராது. (ராவி அழித்த நம்பரைத் தடய அறிவியல் ஆய்வகத்தில் ரசாயனம் போட்டு வெளியே கொண்டுவரவும் முடியும்.) கூடவே டீசல் பம்ப், பேட்டரி, டயர் எல்லாவற்றின் நம்பரையும் எழுதி வையுங்கள். சீட்டுக்கு அடியில், மட்கார்டு உள்பக்கம், ரோட்டவேட்டர் சட்டத்தில் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த இரண்டு மூன்று இடத்தில் பஞ்ச் வைத்து உங்கள் இனிஷியலைக் குத்திவிடுங்கள். பவர் டில்லருக்குப் பெரும்பாலும் ஆர்.சி. கிடையாது, அதற்கு வாங்கின பில்லும் இந்த அடையாளமும்தான் ஆதாரம், பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

சரி, காலையில் போனால் ஷெட் காலி. உடனே ஊரைக் கூட்டி அந்த இடத்தை மிதிக்க விடாதீர்கள். நம் செம்மண்ணில் டிராக்டர் டயர் தடம் அச்சு வார்த்தது மாதிரி விழும், அதில் படிக்க நிறைய இருக்கிறது. பின் டயரின் பட்டைகள் ‘வி’ வடிவத்தில் பதியும். வண்டி முன்னோக்கிப் போயிருந்தால் அந்த வடிவத்தின் விரிந்த பக்கம்தான் போன திசை, கூர்முனை வந்த திசையைக் காட்டும். ரிவர்ஸில் எடுத்திருந்தால் இது தலைகீழாகும், அதனால் திருப்பின இடத்தையும் பார்த்து முடிவு பண்ணுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ தீப்பெட்டியையோ வைத்துப் போட்டோ எடுங்கள். தடம் ரோட்டோர மேட்டில் போய் அப்படியே நின்றுவிட்டால், அங்கே லாரியைப் பின்னால் கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் டிராக்டரையே ஓட்டிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவதற்குள் விடிந்துவிடும்.

தடம் பார்க்கிற நேரத்திலேயே இன்னொருவர் போனில் இருக்க வேண்டும். 100 அல்லது 112, அப்புறம் உங்கள் போலீஸ் ஸ்டேஷன், அதன் பிறகு வண்டி போயிருக்கக்கூடிய ரோட்டிலுள்ள செக்போஸ்ட். மேட்டுப்பாளையம் பக்கம் என்றால் பர்லியார், குஞ்சப்பனை. மஞ்சூர் வழி காரமடை என்றால் கெத்தை. கேரளா பக்கம் நாடுகாணி, சோலாடி, தாளூர், பாட்டவயல். கர்நாடகா என்றால் கக்கநல்லா. முதுமலை வழியாகப் போகிற அந்த மைசூர் ரோடு ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது வண்டிகளுக்கு மூடியிருக்கும், ஆக நள்ளிரவில் காணாமல் போன வண்டி அந்தப் பக்கம் போக நினைத்தால் ஆறு மணிவரை எங்கேயோ காத்துக் கிடக்கத்தான் வேண்டும். நீங்கள் ஐந்து மணிக்குக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அங்கே இன்னும் வாய்ப்பு இருக்கிறது. இந்த செக்போஸ்ட்களுக்கான ஸ்டேஷன் நம்பர்களை இன்றைக்கே விசாரித்து ஷெட் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவுகிற மெஷின்களில் விடியுமுன்பே ஆள் இருப்பார்கள். அறுவடைக்குப் போகிற ஆட்கள் ரெண்டு மூன்று மணிக்கே பிக்கப்பில் கிளம்பிவிடுவார்கள். தார்ப்பாய் மூடிய லாரி, வழக்கத்துக்கு மாறான உயரம், ஊரில் பார்க்காத நம்பர் எதையாவது அவர்களில் ஒருவர் பார்த்திருப்பார், ரோட்டில் உள்ள கேமராக்களைத் தேடுவதற்கு முன்னால் அவர்களைக் கேளுங்கள். காய்கறி லாரிகளோடு லாரியாகத்தான் அந்த வண்டியும் இறங்கியிருக்கும்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும்) திருப்தி அடைந்து வந்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேண்டும், அதில் சேசிஸ், இன்ஜின் நம்பர் இரண்டும் தப்பில்லாமல் ஏறியிருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் வண்டித் திருட்டு பாரதிய நியாய சன்ஹிதா 305-வது பிரிவில் வருகிறது, ஏழு ஆண்டு வரை தண்டனை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். நகல் கைக்கு வந்த அன்றே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பெயர் மாற்றமோ என்.ஓ.சி.யோ (ஆட்சேபணையில்லாச் சான்று) தரக் கூடாது என்று நிறுத்திவையுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயம்: தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய் வராது, இதைப் புதுப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். முழு பாலிசி என்றால் கம்பெனிக்கு அன்றே தெரிவியுங்கள். இரண்டு சாவியையும் கேட்பார்கள். தாமதமாகச் சொன்னதாகக் காரணம் காட்டிக் கை விரித்தால், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைக் காட்டுங்கள். அதுவே ஒரு டிராக்டர் திருட்டு வழக்குதான். போலீஸில் உடனே புகார் பதிவாகியிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காரணமாக வைத்துக் கோரிக்கையை நிராகரிக்க முடியாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இதில் சிக்குகிறார்கள். சந்தை விலையை விட ரொம்பக் குறைவாக, ஆர்.சி. அப்புறம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். வண்டிப் பதிவு விவரம் காட்டுகிற அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்த பிறகே முன்பணம். திருட்டு வண்டி என்று தெரிந்தே வாங்குவது மூன்று ஆண்டு வரை சிறைக்குப் போகிற குற்றம். விற்கிறவரும் பெயர் மாற்றத்தை உடனே முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு அந்த வண்டி எதில் மாட்டினாலும் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

வண்டி கிடைத்துவிட்டால் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்க விடாதீர்கள். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்காலமாக ஒப்படைக்கக் கேட்டு மனு போடலாம். பறிமுதல் வண்டிகளை ஸ்டேஷனில் காலவரையின்றி வைத்திருக்கக் கூடாது, போட்டோ எடுத்துப் பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பென்சில் தாளைக் கொண்டுபோய் நம்பரை ஒத்துப் பாருங்கள், டீசல் பம்பும் டயரும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். மாற்றியிருந்தால் அதை அங்கேயே எழுத்தில் பதிவு பண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.