ஸ்கூல் போர்டுக்கு நிற்கப் போகிறீர்களா? கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

கலிஃபோர்னியாவில் ஆயிரத்தை ஒட்டிப் பள்ளி டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை ஐந்து பேர் கொண்ட போர்டு நடத்துகிறது, சிலவற்றில் ஏழு பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. கட்சியில் சீட்டு வாங்க வேண்டாம், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே வராது. பெரும்பாலான இடங்களில் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. காலியிடங்களுக்கு மேல் யாரும் மனு போடாததால் தேர்தலே நடக்காமல் பதவிக்கு வந்துவிடுபவர்களும் உண்டு. இதையெல்லாம் கேள்விப்பட்டதும், பே ஏரியாவில் (சான்ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பகுதி) பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்களுக்கு 'சரி, நாமே நின்றுபார்த்தால் என்ன?' என்று தோன்றுகிறது. தோன்ற வேண்டியதுதான். ஆனால் சில பிரசாரங்களில் கூடமாட வேலை பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது: யார் ஓட்டுப் போடுவார்கள், அந்த நாற்காலிக்கு என்ன அதிகாரம் என்ற இரண்டையும் சரியாகப் பார்க்காமலே பலர் இறங்கிவிடுகிறார்கள். மற்ற தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் எல்லை. கூப்பர்டினோவில் வீடு இருந்தால் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஒன்பதிலிருந்து இன்னொரு டிஸ்ட்ரிக்ட். இரண்டுக்கும் தனித்தனி போர்டு. அந்த உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்டின் பெயர் ஃப்ரீமாண்ட் யூனியன். ஆனால் ஃப்ரீமாண்ட் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்த ஊருக்கு ஃப்ரீமாண்ட் யூனிஃபைடு என்று வேறொன்று இருக்கிறது. புதிதாக வந்தவர்களை விடுங்கள், பத்து வருடம் இருந்தவர்களே இதில் குழம்புவார்கள்.

போதாததற்கு, 2002-இல் நிறைவேறிய கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின் அழுத்தத்தால் பல டிஸ்ட்ரிக்டுகள் தங்கள் எல்லையை டிரஸ்டி ஏரியாக்களாக, அதாவது ஆளுக்கொரு தொகுதியாக, பிரித்துவிட்டன. அப்படிப் பிரித்த இடத்தில், நீங்கள் குடியிருக்கும் ஏரியாவுக்கு மட்டுமே நிற்க முடியும். பிள்ளை படிக்கும் பள்ளி எந்த ஏரியாவில் இருக்கிறது என்பது கணக்கில் வராது. உறுப்பினர்களின் பதவிக்காலமும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. உங்கள் ஏரியாவின் இடம் இந்த முறை தேர்தலுக்கு வருகிறதா, இன்னும் இரண்டு வருடம் பொறுக்க வேண்டுமா என்பதை கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்தில் வீட்டு முகவரியைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நோட்டீஸ் அடித்த பிறகு கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது ஓட்டுக் கணக்கு. நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறு பேர், தமிழ்ப் பள்ளியில் முந்நூறு குடும்பம், ஆகவே ஆயிரம் ஓட்டு உறுதி என்று ஒருவர் சொன்னால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டியலைப் பெயர் பெயராகப் பாருங்கள். முதல் பெயர் எச்-1பி, அடியுங்கள். அடுத்தவர் க்ரீன் கார்டு, ஓட்டு இல்லை. மூன்றாமவர் போன வருடம் குடியுரிமை வாங்கினார், ஆனால் வாக்காளராகப் பதிவு செய்யவில்லை. நான்காமவர் பக்கத்து டிஸ்ட்ரிக்ட். ஐந்தாமவர் அதே டிஸ்ட்ரிக்ட், வேறு டிரஸ்டி ஏரியா. இப்படியே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒரு பொங்கல் பந்திக்குக்கூடக் காணாது. சான்ஃபிரான்சிஸ்கோவில், 2016-இல் மக்கள் ஓட்டுப்போட்டு ஏற்றுக்கொண்ட விதிப்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு ஓட்டுப் போடலாம். நம்மவர்கள் நெருக்கமாக வாழும் சவுத் பே பக்கம் அந்த வசதி இல்லை.

அப்படியானால் யார் ஓட்டுப் போடுகிறார்கள்? கதவைத் தட்டிப் பாருங்கள். திறப்பவர் பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளை இல்லாதவராகவே இருப்பார். நாற்பது வருடமாக அதே வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர், பேரப்பிள்ளைகள் டெக்சஸில். அவரிடம் போய் ஒலிம்பியாட், ரோபாட்டிக்ஸ் என்று ஆரம்பித்தால் மரியாதைக்குக் கேட்டுவிட்டு, 'பார்சல் டாக்ஸை மறுபடியும் கொண்டுவருவீர்களா?' என்பார். வீட்டுமனைக்கு இத்தனை டாலர் என்று பள்ளிக்காக விதிக்கிற அந்த வரியைப் போர்டு கொண்டுவந்தால் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கட்டடங்களுக்கான பத்திரக் கடனுக்கு, 2000-இல் நிறைவேறிய 39-ஆம் முன்மொழிவின்படி 55 சதவீதம் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் வாசலில் நின்று மழுப்பினால் அந்த வீட்டு ஓட்டு போயிற்று. வரி வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ உங்கள் இஷ்டம். ஏதாவது ஒரு பதில் கையில் இருக்கட்டும்.

இனி காகிதங்கள். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு மனு வாங்கும் காலம் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. இப்போது பதவியில் இருப்பவர் மனு போடாவிட்டால் மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 12 வரை நீளும். அந்த ஐந்து நாளை நம்பி இருக்காதீர்கள். ஜூலை என்றால் நம் குடும்பங்களில் பாதி சென்னையிலோ கோவையிலோ இருக்கும். விடுமுறை முடிந்து வந்து ஜெட்லாகோடு படிவம் நிரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனுவோடு கூடவே இருநூறு சொல்லில் ஒரு தன்னறிக்கை தரலாம். சில டிஸ்ட்ரிக்டுகளில் நானூறு சொல். கவுண்டி அச்சிட்டு ஒவ்வொரு வாக்காளருக்கும் அனுப்பும் கையேட்டில் அது வரும். பல வாக்காளர்கள் உங்களைப் பற்றிப் படிக்கப் போவது அந்த ஒரு பத்தியை மட்டும்தான். செலவு பெரும்பாலும் வேட்பாளர் தலையில். பெரிய டிஸ்ட்ரிக்ட் என்றால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அதைப் பார்த்துத் தயங்கி, தன்னறிக்கையை விட்டுவிட்டு அதே பணத்தில் வாசல் பலகைகள் அடிப்பது என் கணக்கில் மோசமான பேரம். எதிராளியைப் பற்றி அதில் ஒரு சொல் எழுதக் கூடாது, கட்சியைக் குறிப்பிடக் கூடாது. எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடுதான் அச்சாகும். கொடுத்த பிறகு திருத்த முடியாது. மனு கெடு முடிந்த அடுத்த வேலை நாள் மாலை ஐந்து மணிக்குள் திரும்பப் பெறலாம், அவ்வளவுதான்.

வாக்குச்சீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே தொழிலை மூன்று சொல்லுக்குள் குறிப்பிடலாம். அது நிஜமாகவே நீங்கள் பார்க்கும் தொழிலாக இருக்க வேண்டும். 'முன்னணி', 'நிபுணர்', 'சிறந்த' போன்ற புகழ்ச்சி எதுவும் கூடாது. 'வரி செலுத்துபவர்', 'செயற்பாட்டாளர்' என்பதெல்லாம் தொழிலாக ஏற்கப்படாது. பெயருக்கு முன்னால் டாக்டர் போடவும் முடியாது. பிஎச்டி முடித்த நண்பர்களுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

பண விஷயத்தில் தெரியாமல் செய்ததும் தவறுதான். நன்கொடை கேட்பதற்கு முன்பே, சொந்தப் பணத்தில் நோட்டீஸ் அடிப்பதற்கும் முன்பே, நிற்கப்போவதை அறிவிக்கும் ஃபார்ம் 501 தாக்கல் செய்திருக்க வேண்டும். அந்த ஆண்டில் வரவோ செலவோ இரண்டாயிரம் டாலரைத் தொட்டால் பத்து நாளுக்குள் ஃபார்ம் 410 போட்டு முறையான கமிட்டியாகப் பதிய வேண்டும். தன்னறிக்கைக்குக் கைப்பணத்திலிருந்து கட்டியது மட்டும் அந்த இரண்டாயிரத்தில் சேராது. நூறு டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நூறு டாலர் கொடுத்தவரின் பெயர், முகவரி, தொழில், வேலை பார்க்கும் நிறுவனம் எல்லாம் எழுதி வைக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, எச்-1பி விசாவில் இருப்பவரிடம் பத்து டாலர்கூட வாங்கக் கூடாது என்பது. வெளிநாட்டவர் நன்கொடைக்கான தடை கூட்டாட்சிச் சட்டம். அது உள்ளூர் ஸ்கூல் போர்டு தேர்தலுக்கும் பொருந்தும். க்ரீன் கார்டு உள்ளவர் தரலாம், ஓட்டுத்தான் போட முடியாது. விசாவில் இருக்கும் நண்பர் சம்பளம் வாங்காமல் நோட்டீஸ் மடிக்கலாம், கூட வந்து கதவு தட்டலாம். ஆனால் பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருக்கக் கூடாது. நன்கொடை இணைப்பை அப்படியே பெரிய வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது இதனால்தான் ஆபத்து. யார் எந்த விசா என்று பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தருவது இரு தரப்புக்கும் சங்கடம்.

தமிழ்ப் பள்ளி, தமிழ்ச் சங்கம், பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) எல்லாம் பெரும்பாலும் வரிவிலக்கு பெற்ற 501(சி)(3) அமைப்புகள். 1954 முதலே இவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பொங்கல் விழா மேடையில் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து 'நம்ம அண்ணனுக்கு ஓட்டுப் போடுங்க' என்றால் சிக்கல் சங்கத்துக்கு. எல்லா வேட்பாளரையும் கூப்பிட்டுச் சமமாக நேரம் கொடுத்தால் தவறில்லை. தலைவர் தன் சொந்தப் பெயரில், சங்கத்தின் மேடையும் பணமும் மின்னஞ்சல் பட்டியலும் இல்லாமல் ஆதரித்தாலும் தவறில்லை. அதேபோல வகுப்பு ஆசிரியர் அனுப்பிய பெற்றோர் மின்னஞ்சல் பட்டியல் கையில் இருக்கிறதே என்று அதற்குப் பிரசாரம் அனுப்பாதீர்கள். டிஸ்ட்ரிக்டின் பணத்தையும் வசதிகளையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கல்விச் சட்டத்தில் தடை இருக்கிறது.

வாக்குறுதிகளுக்கு வருவோம். போர்டு உறுப்பினர் தனியாளாக எந்த உத்தரவும் போட முடியாது; கூட்டத்தில் பெரும்பான்மை ஓட்டு விழுந்தால்தான் முடிவு. போர்டு நேரடியாக மேற்பார்வை செய்யும் ஊழியர் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்ட் ஒருவர்தான். ஆக, 'அந்தக் கணக்கு டீச்சரை மாற்றுவேன்' என்பவர் தன்னிடம் இல்லாத அதிகாரத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கிறார். நம் பெற்றோர்களுக்குப் பிடித்த எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். சான்ஃபிரான்சிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் 2014-இல் அதை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளியது. பெற்றோர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். போர்டு அதைத் திரும்பக் கொண்டுவர ஓட்டுப்போட்டது 2024 பிப்ரவரியில். போர்டின் கையில் இருக்கும் விஷயத்துக்கே இத்தனை காலம் என்றால், 'வந்த முதல் வருடமே மாற்றுவேன்' என்பதை விவரம் தெரிந்த வாக்காளர் எப்படி எடுத்துக்கொள்வார்?

பணம் பற்றிய வாக்குறுதி இன்னும் கஷ்டம். பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாநிலப் பணம் மாணவர் வருகையை வைத்து வருகிறது. பட்ஜெட்டின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போய்விடும். மாணவர் குறைந்தால் வரவு குறையும், கட்டடமும் ஆட்களும் அப்படியே இருப்பார்கள். பள்ளிகளுக்குப் பேர்போன கூப்பர்டினோவே 2022-இல் தொடக்கப் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. 'எந்தப் பள்ளியையும் மூட மாட்டேன், ஆசிரியர் சம்பளத்தைக் கூட்டுவேன், வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பேன்' என்று மூன்றையும் ஒரே நோட்டீஸில் போடுபவர் பட்ஜெட்டைத் திறந்தே பார்க்கவில்லை என்று ஆசிரியர் சங்கத்துக்கு உடனே தெரிந்துவிடும். அவர்கள் அனுப்பும் கேள்வித்தாளைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. உடன்பாடு இல்லாவிட்டாலும் நேர்மையாகப் பதில் எழுதிக் கொடுங்கள். மனு போடுமுன் ஒரு ஆறு மாதமாவது போர்டு கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள். இரவு பதினொரு மணிக்கு பட்ஜெட் திருத்தம் ஓடும்போது ஆர்வம் மிச்சமிருந்தால் நிற்கலாம்.

பிரசாரத்தைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பது ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். இங்கே பதிவு செய்த எல்லா வாக்காளருக்கும் தேர்தலுக்கு 29 நாள் முன்பிருந்தே தபால் வாக்குச்சீட்டு போகத் தொடங்கிவிடும். 2026-இல் அது அக்டோபர் 5. நவராத்திரி கொலுவுக்குப் போகிற வீடுகளில் வாக்குச்சீட்டு ஏற்கெனவே மேசையில் கிடக்கும். செப்டம்பரிலேயே தெருத்தெருவாகப் போயாக வேண்டும். பெயர்ப் பலகைகளுக்கு ஊருக்கு ஊர் விதி வேறு, நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயித்தால் பதவியேற்பு டிசம்பரில். அதுவரை நீங்கள் சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பொது அமைப்புகளின் கூட்டங்கள் மக்கள் முன் திறந்தபடி நடக்க வேண்டும் என்று 1953-இல் வந்த பிரவுன் சட்டம், தேர்வாகி இன்னும் பதவியேற்காதவரையும் கட்டுப்படுத்தும். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் சேர்ந்து டிஸ்ட்ரிக்ட் விஷயம் பேசினால் அது கூட்டம். முன்கூட்டியே அறிவிக்காமல் நடத்தக் கூடாது. நீங்கள் ஒருவரிடம் பேசி, அவர் இன்னொருவரிடம் அதையே பேசினாலும் கணக்கு ஒன்றுதான். ஆகவே புது உறுப்பினர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கும் ஆசை வேண்டாம். 2021 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சக உறுப்பினர் ஒருவர் டிஸ்ட்ரிக்ட் விவகாரம் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் போட்டாலே அது விதிமீறல்.