கீழக்கரையைச் சாப்பிட்டபடி சுற்றிவர

கீழக்கரைக்குப் போய், வெயில் ஏறிய பிறகு நல்ல ஓட்டல் எது என்று விசாரிப்பவர்களுக்கு ஊர் பரோட்டாவையும் பிரியாணியையும் கொடுத்து அனுப்பிவிடும். அவை எங்கும் கிடைப்பவைதான். இந்த ஊருக்கே உரிய பண்டங்கள் நேரம் பார்த்து வருபவை, பாதி வீட்டு அடுப்பில் வேகுபவை. அதனால் தெருவை விட நேரத்தைக் கணக்கு வைத்து நடையைத் திட்டமிடுங்கள்.

முதல் வேலை முந்தின நாளே. வட்டிலப்பம், தக்கடி இரண்டும் கடையில் அடுக்கி வைத்திருப்பதில்லை. பெண்கள் வீட்டிலிருந்தே ஆர்டருக்குச் செய்து தருவார்கள். பஜாரில் பேக்கரியிலோ மளிகைக் கடையிலோ, "பாய், இங்க யார் வீட்டுல வட்டிலப்பம் செஞ்சு தருவாங்க?" என்று கேட்டால் வழி கிடைக்கும். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. வட்டிலப்பத்துக்கு முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சீனி, ஏலக்காய் எல்லாம் கலந்து ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டுத்தான் வெட்ட முடியும். சூட்டோடு வெட்டினால் உடையும். தக்கடி அரிசி மாவு, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம் பிசைந்து கைப்பிடியாகப் பிடித்து, கறி ஆணத்தில், அதாவது கறிக் குழம்பில், வேகவைப்பது. ஆணம் தளதளவென்று கொதிக்கும்போது போடாவிட்டால் மாவு கரைந்து கூழாகிவிடும். இரண்டு பேருக்கு இரண்டிலும் சின்ன அளவு சொன்னால் போதும். வயிற்றில் இடம் மிச்சம் வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. காலை ஆறரைக்கு இறங்கிவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், ஜும்மா நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும், மதிய நடை கெட்டுவிடும். ரமலானில் பகல் நடை வேண்டாம், மாலையில் போனால் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை முதல் பங்குனி வரை நடக்க இதமான காலம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்; இந்தப் பக்கம் நிலத்தடி நீர் உப்பு.

இறங்கியதும் டீயோடு இடியாப்பம். ஆளுக்கு மூன்றுக்கு மேல் வாங்காதீர்கள். ஒன்றைத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு, மற்றதை ஆணத்தோடு சாப்பிட்டால் இரண்டு ருசியும் தெரியும். இழை பிரிந்து வந்தால் புதிது. பிசுபிசுவென்று கட்டியாக ஒட்டினால் விடியுமுன் அவித்து மூடி வைத்தது, தள்ளிவிடுங்கள்.

அங்கிருந்து கடற்கரை. நாட்டுப்படகுகள் கரையேறி மீன் ஏலம் போகும் நேரம் இதுதான். ஓரமாக நில்லுங்கள், ஏலத்துக்கு நடுவே விலை கேட்காதீர்கள். விளைமீன், பாறை, சீலா, கணவாய், நண்டு என்று அன்றைக்கு என்ன மீன்பாடு என்று பார்த்து வைத்துக்கொண்டால், மதியம் மெஸ்ஸில் எதைக் கேட்பது என்று தெரிந்துவிடும். காலையில் கரையில் இல்லாத மீன் மதியம் இலைக்கு வந்தால் அது ஐஸ் பெட்டி மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும். பௌர்ணமியை ஒட்டி நண்டு வாங்கினால் சதை சோடை என்பார்கள். எந்த நாளானாலும் கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மீறிக் கனத்தால் சதை உண்டு. கடல் அட்டையை யாராவது மறைவாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, வைத்திருந்தாலே வழக்கு.

மாசி தொடங்கி ஆடிக்குள் வந்தால் பதநீர் கிடைக்கும். ஒன்பது மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தில் தடவும் சுண்ணாம்புதான் புளிக்காமல் பிடித்து வைக்கிறது. வெயில் ஏற ஏற அதற்கும் கட்டுப்படாது. நுரைத்துப் புளிவாடை அடித்தால் வாங்காதீர்கள்.

அடுத்து நடுத்தெரு ஜும்மா பள்ளிவாசல். 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கட்டுவித்ததாகச் சொல்லப்படும் கல் பள்ளி. தூண்களையும் மேற்கூரைக் கல்லையும் பார்த்தால் கோயில் மண்டபத்தின் வேலைப்பாடு அப்படியே தெரியும். தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் அனுமதி கேட்டு, பெண்களுக்கு உள்ளே வழி உண்டா என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள். சுற்றியுள்ள ஒடுக்கமான சந்துகள் வீட்டுப் பெண்கள் புழங்கும் வழி. அங்கே கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும்.

மதியம் மீன் ஆணமும் சோறும். கல்யாணக் களரிக்கு, அதாவது கல்யாண விருந்துக்கு, யாராவது அழைத்தால் மெஸ்ஸை மறந்துவிடுங்கள். ஒரே சகனில், அதாவது பெரிய தட்டில், நெய்ச்சோற்றைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்வார்கள். உங்கள் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுங்கள், நடுவில் இருக்கும் கறியை மற்றவர்கள் தள்ளித் தருவார்கள். ஒன்றிலிருந்து நான்கு மணி வரை ஊர் உறங்கும், நீங்களும் நிழல் தேடிக்கொள்ளுங்கள்.

வாங்குவதெல்லாம் மாலையில்தான், காலையில் வாங்கிச் சுமக்காதீர்கள். முதலில் தொதல். இலங்கையிலும் மலாய் நாட்டிலும் இதே பண்டம் உண்டு. கடல் வாணிகம் செய்த மரக்காயர்கள் போய்வந்த கரைகள் அவை. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சீனி சேர்த்து, எண்ணெய் பிரிந்து வாணலியில் ஒட்டாமல் சுருளும் வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். அவசரத்தில் இறக்கியதை விரலால் அழுத்தினால் பிசின் போல் ஒட்டும், இரண்டொரு நாளில் பூசணமும் பிடிக்கும். முதலில் 100 கிராம் வாங்கி வாயில் போடுங்கள். பல்லில் ஒட்டாமல் வழுக்கினால், தேங்காயெண்ணெய்க் காறல் இல்லாவிட்டால், அரைக்கிலோ கட்டச் சொல்லலாம். சூடாக இருப்பதை டப்பாவில் மூட விடாதீர்கள், வியர்த்துக் கெட்டுவிடும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்போடு இருப்பதை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். விதை கலகலவென்றால் நன்றாகக் காய்ந்தது. அமுக்கினால் அமுங்குவது ஈரம், வீட்டில் பூஞ்சை பிடிக்கும். கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும். உடைத்துப் பாருங்கள், உள்ளே சீனிக் கற்கள் மினுங்கினால் கலப்படம். கருவாடு விறைப்பாக இருக்க வேண்டும். வளைந்தால் சரியாகக் காயவில்லை. நாலு மடிப்பு நாளிதழ், அதன்மேல் பாலித்தீன், வாயை இறுக்கிக் கட்டி, தொதல் பையில் சேராமல் தனியே. இதில் அலட்சியம் காட்டினால் கண்டக்டர் ராமநாதபுரம் வரை உங்களைப் படியிலேயே நிற்க வைப்பார்.