மெக்சிகோவின் பசிபிக் கரையில் குழந்தைகளோடு அலைச்சறுக்கு முகாம்: இடம் கண்டுபிடிப்பது எப்படி

பெரியவர்களுக்குப் பிடித்த அலையைத் தேடிக்கொண்டு போனால் குடும்ப முகாம் இரண்டாம் நாளே கெட்டுவிடும். கூட்டத்திலேயே சின்னக் குழந்தை முழங்கால் தண்ணீரில் பயமில்லாமல் நிற்கிற கரைதான் முதல் தேவை. நிழலும் கழிப்பறையும் அடுத்தது. அலை மூன்றாவதுதான். இந்த மூன்றும் சேர்ந்து அமைகிற இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி நில அமைப்பில் இருப்பதால், பாதித் தேடலைச் செயற்கைக்கோள் படத்திலேயே முடித்துவிடலாம்.

படத்தில் தேட வேண்டியது தூண்டில் முள்போல வளைந்த குடா. ஒரு பாறை முனை கடலுக்குள் நீண்டிருக்க வேண்டும். அதன் மறைவில் மணல் வளைந்து போக வேண்டும். அலை முனையைச் சுற்றித் திரும்பும்போதே பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. முனையில் நெஞ்சளவு உயர்கிற அலை, குடாவின் உள்ளே வந்து சேரும்போது முழங்கால் நுரையாகிவிடும். பெரியவர்கள் முனையில் சறுக்கலாம், குழந்தைகள் உள்ளே விளையாடலாம், இரு தரப்பும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இருக்கலாம்.

அடுத்து நுரைக்கோடுகளைப் பாருங்கள். கரைக்கு இணையாக மூன்று நான்கு வெள்ளைக் கோடுகள் இடைவெளி விட்டுத் தெரிந்தால் அடித்தரை மெதுவாகச் சரிகிறது என்று பொருள். மணலை ஒட்டி ஒரே ஒரு தடித்த கோடு மட்டும் இருந்தால், ஆழம் கரையடியிலேயே தொடங்குகிறது. அலை மொத்தமாக மணல்மேல் வந்து விழும். அப்படிப்பட்ட கரையில் கால் நனைக்க நின்றவரையே அலை உருட்டி இழுத்துவிடும். காபோ சான் லூகாஸின் பசிபிக் பக்கக் கடற்கரைகள் இந்த வகை. கொலிமாவின் பாஸ்குவாலெஸும் புவேர்தோ எஸ்கோந்திதோவின் சிகாதேலாவும் உலகப் புகழ் பெற்றவைதான்; குடும்பத்தோடு போனால் அங்கே மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரில் போனபின் மணலே சாட்சி. பருமணலும் செங்குத்தான சரிவும் சேர்ந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். பொடிமணல் இறுகி, வற்று நேரத்தில் ஈர மணல் முப்பது நாற்பது தப்படி அகலத்துக்கு விரிந்திருந்தால் நல்ல கரை.

மாதம் தேர்வது

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தென்கோளத்துக் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் தெற்கு அலைவரிசை இந்தக் கரையை அடிக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை வடமேற்கிலிருந்து வரும். தெற்கே குவெர்ரெரோ, ஓஹாகா மாநிலக் கரைகளில் வடமேற்கு அலை தேய்ந்துபோய்த்தான் சேர்கிறது. தொடங்குபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் குளிர்கால மாதங்களே ஏற்றவை. மழையும் இல்லாத பருவம் அது. கிழக்குப் பசிபிக்கின் சூறாவளிக் காலம் மே 15 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில், எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும், வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள். மலையில் பெய்த மழை, வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக இறங்கும்.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. 9 விநாடி இடைவெளியில் வரும் 1 மீட்டர் அலை சிறுவர்களுக்குச் சரி. அதே 1 மீட்டர் 17 விநாடி இடைவெளியில் வந்தால் முனையில் ஆளுயரத்துக்கு எழும்பும். நீண்ட இடைவெளி அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதால் நடுவே கால் மணி நேரம்கூடக் கடல் தூங்குவதுபோலக் கிடக்கும். ஆகவே எந்தக் கரையிலும் இறங்குமுன் இருபது நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கலாக ஒரு பாதை தெரிந்தால், அது கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அமைதியாகத் தெரிவதாலேயே பெற்றோர் குழந்தையை இறக்கிவிடுகிற இடமும் அதுதான்.

எங்கே தொடங்கலாம்

வடமேற்கு மெக்சிகோவில் நீளும் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் (சுருக்கமாக பாஹா) தென்கோடியில், தோதோஸ் சாந்தோஸ் ஊருக்குத் தெற்கே உள்ள செர்ரீதோஸ் முழுக்க மணல் தரை. பலகை வாடகைக்கும் கிடைக்கும், ஆண்டு முழுக்க ஏதாவது அலை இருக்கும். வடக்கு மூலையில் பாறையை ஒட்டி நீரோட்டம் இழுப்பதால் குழந்தைகளை நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதிகள் பெருகிவிட்ட கரை இது. கூடாரத்துக்கு எந்த இடம் அனுமதி என்பதை அன்றன்று கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். சற்று வடக்கேயுள்ள சான் பெத்ரீதோ பாறைத் தரை; சிறுவர்களுக்கு வேண்டாம்.

பாஹாவிலேயே வடக்கே தள்ளி உள்ள சான் ஹுவானீகோவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல முனைகள், நீண்ட வலதுபக்க அலை, அதாவது சறுக்குபவருக்கு வலப்பக்கமாக உடைந்து ஓடும் அலை. தெற்கு அலைவரிசை வந்தால்தான் இது உயிர்பெறும். சியுதாத் இன்சுர்ஹென்தெஸ் வழியாக வரும் தார்ச்சாலையையே பிடியுங்கள். சான் இக்னாசியோவிலிருந்து வரும் மண்பாதை சாதாரண வண்டியை உடைத்துவிடும்.

குவெர்ரெரோவில் இஸ்தாபாவுக்கு வடக்கே லா சலதீதா. மெதுவாக, வெகுதூரம் ஓடும் இடதுபக்க அலை. நீளப் பலகைக்காரர்களின் சொர்க்கம். கரையோர ஓலைக்கூரை உணவகங்களில் கூடாரம் போட இடம் தருவார்கள். வற்று நேரத்தில் கரையடியில் கற்கள் தலைகாட்டும். ரப்பர் காலணி கொண்டுபோங்கள். நடைபழகும் குழந்தை இருந்தால், நயாரித் மாநிலத்தின் சான் பிளாஸ் அருகேயுள்ள மதன்சென் குடாவைப் போல ஆழமற்ற நீர் கிடைப்பது அரிது. ஆனால் விடியலிலும் அந்தியிலும் ஹெஹெனெஸ் என்னும் பொடிப்பூச்சி கடித்துத் தள்ளும். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் அது நுழைந்துவிடும். மிக நெருக்கமான வலை வேண்டும். அந்தப் பக்கக் கழிமுகங்களில் முதலை உண்டு. உப்பங்கழி எவ்வளவு அமைதியாக இருந்தாலும் குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள்.

வழியும் காகிதமும்

அமெரிக்க, கனடிய வாகனக் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது. மெக்சிகோ காப்பீடு தனியாக வாங்க வேண்டும். பாஹாவுக்குள் மட்டும் ஓட்டினால் வெளிநாட்டு வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. குவெர்ரெரோ, நயாரித் பக்கம் போனால் தேவை. பாஹா நெடுஞ்சாலையில் எல் ரொசாரியோவைத் தெற்கே தாண்டினால் 300 கிலோமீட்டருக்குமேல் பெட்ரோல் நிலையத்தை நம்ப முடியாது. அங்கே பாதி தொட்டி இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். இரவில் ஓட்ட வேண்டாம், சாலையில் மாடு படுத்திருக்கும். சாலை உதவிக்கு 078, அவசரத்துக்கு 911. ஓத அட்டவணை பார்ப்பவர்களுக்கு ஒன்று: குளிர்காலத்தில் தெற்கு பாஹா மாநிலத்தின் கடிகாரம் வடக்கைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும்.

போய்ச் சேர்ந்த நாள்

நண்பகலுக்குள் போய்ச் சேருங்கள். இருட்டில் தேர்ந்தெடுத்த இடம் நல்ல இடமாக அமைவது அபூர்வம். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. கடல்நீர் ஏறும் உச்சக்கோட்டிலிருந்து 20 மீட்டர் அகலத்துக்கு மத்திய அரசின் நிலம். ஆனால் அங்கே போகும் பாதையும் அதற்குப் பின்னுள்ள நிலமும் தனியாருடையதாகவோ, எஹீதோ என்னும் கிராமக் கூட்டுநிலமாகவோ இருக்கும். ஆகவே யாரையும் கேட்காமல் ஒதுக்குப்புறத்தில் கூடாரம் போடுவதைவிட, ஒரு குடும்பம் நடத்தும் உணவகத்தின் இடத்தில் காசு கொடுத்துத் தங்குவதே மேல். நிழல், கழிப்பறை, குளியல், பொருளுக்கு ஒரு காவல்கண் எல்லாம் அதில் அடங்கும். “சே புவேதே அகாம்பார் அகீ?” என்றால் இங்கே கூடாரம் போடலாமா என்று கேட்பது. “குவான்தோ போர் நோசே?” ஓர் இரவுக்கு எவ்வளவு. அந்தத் தொகை ஆளுக்கா, கூடாரத்துக்கா, வண்டிக்கா என்பதை அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தகராறு வருவது இதில்தான். சிறு தாள்களாகப் பெசோ வைத்திருங்கள். சிற்றூர்களில் ஏடிஎம் இராது.

தென்னைக்கு அடியில் கூடாரம் கூடாது, காய் விழும். மன்சனீயோ மரம் எது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு, அதையும் ஒதுக்குங்கள். சின்ன ஆப்பிள்போலப் பச்சைக்காய் காய்க்கும் அந்த மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும், காய் நஞ்சு. மணலில் சாதாரண முளை நிற்காது. பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் என்பதால் வாசல் கடலுக்கு எதிர்ப்புறம், நிலத்தைப் பார்த்து இருக்கட்டும். அதே காரணத்தால் குழந்தைகளின் அலை நேரம் காலை 7 முதல் 10 வரை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நீர். நான்கு பேருக்கு, கர்ரஃபோன் என்னும் 20 லிட்டர் தண்ணீர்க்குடுவை ஒன்று ஒரு நாளைக்குச் சற்றுமேல் வரும். மணல்பாதையில் இறங்குமுன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். திரும்ப நிரப்பக் கையடக்கப் பம்பும் ஒரு மண்வெட்டியும் வேண்டும். கடற்கரை மணலில் வண்டி ஓட்டவே வேண்டாம்.

ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடக்கக் குழந்தைகளுக்கு முதல் நாளே பழக்குங்கள். அசைவு பட்டதும் அது விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி இறங்கும். நீரின் சூட்டை வலியில்லாதவர் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும், இல்லையேல் தோல் வெந்துவிடும். முள் ஒடிந்து உள்ளே நின்றால் மருத்துவரிடம் போங்கள். காலையில் காலணிகளை உதறிவிட்டே போடுங்கள். நயாரித், குவெர்ரெரோ தேள் கொட்டினால் சிறு குழந்தைக்கு ஆபத்து; வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள், முறிமருந்து அங்கே கிடைக்கும்.

கோடையின் நடுவிலிருந்து ஆண்டு முடிவுவரை பல கரைகளில் ஆமைகள் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் கூடாரத்தை மணல்மேட்டுக்குப் பின்னால் தள்ளிப் போட்டு, இரவில் சிவப்பு விளக்கு மட்டும் வையுங்கள். பகலில் குழந்தைகள் தோண்டிய பள்ளங்களை அந்திக்குள் மூடிவிடுங்கள்; கடலுக்கு நகரும் குஞ்சு அதில் விழுந்தால் மேலே ஏற முடியாது.