பூல் பில்லியர்ட்ஸ்: குனிந்த பிறகு குறி மாற்றுகிறவர்களுக்கு

போன வாரம் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியில் மூன்று பொடியன்கள் பூல் பில்லியர்ட்ஸ் (மேசையில் பந்துகளைக் குழிக்குள் விழுத்தும் ஆட்டம்) ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர்கள். மூன்று பேரும் பத்து வருசத்துக்கு முந்திய நான்தான். கியூவை, அதாவது அடிக்கும் கோலை, எப்படிப் பிடிப்பது என்று யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரே ஒழுங்கில் செய்ய வேண்டிய ஆயத்தத்தில் விடும் பிழைகள்தான் இங்கே.

குனிந்தபடியே குறி மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். பொடியன் கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்துக்குப் பின்னால் நின்று கோடு பார்க்கிறான், சரியாகத்தான். குனிந்ததும் ஒரு சந்தேகம்: கொஞ்சம் இடப்பக்கமோ? கால் அசையவில்லை, மணிக்கட்டில் மட்டும் ஒரு திருப்பு. பந்து குழி வாயில் மோதி நிற்கிறது. “மேசை சரியில்லை அண்ணை” என்கிறான்.

மேசை பாவம். காலும் தோளும் பழைய கோட்டில் நிற்க, கை மட்டும் புதுக் கோட்டுக்குப் போனால் கியூ குறுக்கே வரும். வெள்ளையில் கேட்காத சுழற்சி ஏறும். சின்னப் பிசகுதானே என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்கும் அது அடிக்கப்போகும் பந்துக்கும் இடையே 1 மீட்டர், நேரான அடி என்று வையுங்கள். வெள்ளை 1 பாகை விலகினால் அங்கே போய்ச் சேரும்போது சுமார் 17 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். பந்தின் விட்டமே 57 மில்லிமீட்டர்தான். அடிபட்ட பந்து கிட்டத்தட்ட 18 பாகை திசை மாறி ஓடும்.

கரம் (கேரம் போர்டு) ஆடி வளர்ந்த எங்களிடம் இந்தப் பழக்கம் அதிகம் என்பது என் எண்ணம். அங்கே உட்கார்ந்த இடத்திலேயே விரலைத் திருப்பித் திருப்பிக் குறி பார்ப்போம். கரத்துக்கு அது சரி.

எனக்கு விழுந்த அடியைக் கேளுங்கள். ஆட்டக் கணக்கு நாலுக்கு நாலு, கடைசியாக விழுத்த வேண்டிய கறுப்புப் பந்து மட்டும் மிச்சம், நேரான அடி. குனிந்தேன், சந்தேகம் வந்தது. எழும்ப வெட்கம், சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்களே! மணிக்கட்டைத் திருப்பினேன். கறுப்பு குழி வாசலில் குந்திக்கொண்டது, எதிராளிக்கு ஒரே தட்டு. நின்ற அத்தனை பேருக்கும் கொத்து ரொட்டி என் செலவில்.

சந்தேகம் வந்தால் எழும்புங்கள், முழுதாக. பின்னால் போய் முதலிலிருந்து தொடங்குங்கள். பெரிய சர்வதேசப் போட்டிகள் பலவற்றில் ஒரு அடிக்கு 30 விநாடி கொடுக்கிறார்கள். எழும்பித் திரும்பக் குனிய அது தாராளம்.

சோக்

கியூ நுனிக்குச் சோக்கை நின்றுகொண்டு பூசுங்கள்.

வேர்வைக் கை

வைகாசி, ஆனி வெக்கையில் கியூ கையில் ஒட்டும். குனியுமுன் துடையுங்கள். குனிந்தபிறகு சட்டையைத் தேடினால், மேலே சொன்ன கதைதான்.

ஆட்டிப் பார்க்கும் எண்ணிக்கை

அடிக்குமுன் கியூவை நான் மூன்று தரம் முன்னும் பின்னும் ஆட்டுவேன், அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம், கண் அடிக்கப்போகும் பந்தில். உங்களுக்கு இரண்டோ நாலோ இருக்கட்டும். லேசான அடிக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்பது என்று ஆட்டினால் பயம் கைக்கே தெரிந்துவிடும்.

அடிக்கும்போது தலையைத் தூக்குவது

வேண்டாம்.

மேசை இல்லை என்பவர்களுக்கு

கியூவுக்குப் பதில் தும்புத்தடி (விளக்குமாற்றுக் கம்பு) போதும். தரை ஓட்டின் கோட்டுக்கு நேரே பின்னால் நின்று பாருங்கள், காலை வையுங்கள், குனியுங்கள், வேண்டுமென்றே எழும்புங்கள், திரும்பக் குனியுங்கள். நாளுக்கு இருபது தரம். வீட்டில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துப் பழகியதாக இருக்கட்டும்.